மின்சார ஸ்கூட்டருக்கு எல்எஃப்பி பேட்டரியா, என்எம்சியா? இரும்பு என்றால் தரம் குறைவா?

தினமும் ஆபீஸ் போய்வர ஒரு வண்டி, ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எல்எஃப்பி எடுங்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. ஆனால், 'இரும்பில் செய்தது, அதனால் மட்டமான சரக்கோ' என்ற உங்கள் சந்தேகத்துக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை.

இரண்டுமே லித்தியம் அயனி பேட்டரிதான். நேர்மின்முனையில்தான் வேறுபாடு. என்எம்சியில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த ஆக்சைடு. எல்எஃப்பியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட். உலகத்தின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது, விலையும் அதிகம். இரும்புக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, அப்படியென்றால் ஆரம்பத்திலேயே இரும்பைப் போட்டிருக்கலாமே? போட்டால் வோல்டேஜ் வரவில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழு 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 4 வோல்ட் அளவுக்குக் கொடுத்தது. இரும்பு ஆக்சைடுகள் 2.5 வோல்ட்டைத் தொடவே திணறின.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், ஆறுமுகம் மந்திரம். மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, குட்எனஃபிடம் போய்ச் சேர்ந்தவர். வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளை வைத்துப் பார்த்தார்கள். இரும்பு சல்பேட்டில் வோல்டேஜ் 3.6-க்கு ஏறியது. உலோகம் அதே இரும்புதான்! சல்பேட்டில் இருக்கும் கந்தகம் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்து, இரும்பின் எலெக்ட்ரான் ஆற்றல் மட்டம் கீழே இறங்குகிறது. அது இறங்க இறங்க வோல்டேஜ் ஏறும். பக்கத்து அணுவை மாற்றி இரும்பின் குணத்தையே திருத்திய இந்த யோசனை, எனக்குப் பொருள் அறிவியலிலேயே மிகவும் பிடித்த ஒன்று. 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். இவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அதே வழியில், 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. சுமார் 3.4 வோல்ட். அதில் மின்சாரம் சரியாகப் பாயாது என்ற குறை இருந்தது. துகள்களை நுண்ணியதாக்கி மேலே கார்பன் பூசியதும் அது சரியானது.

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். என்எம்சி அளவுமீறிச் சூடானால் அதன் ஆக்சைடு ஆக்சிஜனை வெளிவிடும். உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டோ எரியக்கூடிய திரவம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாஸ்பேட்டில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, லேசில் விடாது. எல்எஃப்பி தீப்பிடிக்கவே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் திரவம் இதிலும் உண்டு. ஆனால் நிலைமை கைமீறிப் போகும் வாய்ப்பு நன்றாகவே குறைவு. பொதுவாக ஆயுளும் என்எம்சியைவிட அதிகம்.

குறையும் உண்டு. ஒரே எடைக்கு என்எம்சியில் அதிக தூரம் போகலாம். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள், பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் என்எம்சி எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். உறைபனிக் குளிரில் எல்எஃப்பி சார்ஜ் ஏற மிகவும் சிரமப்படும். நம் சமவெளி ஊர்களில் அந்தப் பிரச்சினை இல்லை.

அப்புறம் ஒன்று. எல்எஃப்பியில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தாலும் வோல்டேஜ் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் திரையில் காட்டும் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகலாம். கம்பெனி கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.