ஃபோனில் எக்ஸ்கேசிடி (xkcd) என்ற இணையக் கார்ட்டூனைப் படிக்கும்போது, படத்தோடு ஒளிந்திருக்கும் வரி தெரியவில்லையா?

தள முகவரிக்கு முன்னால் 'எம்' எழுத்தும் ஒரு புள்ளியும் சேர்த்துத் திறந்து பாருங்கள். மொபைல் பக்கம் வரும். அதில் 'ஆல்ட்-டெக்ஸ்ட்' என்பதைத் தட்டினால் நீங்கள் தேடும் வரி தெரியும்.

அந்த வரி படத்துக்குள் வரையப்பட்டதல்ல. படத்தின் 'டைட்டில்' குறிப்பில் இருக்கிறது. மௌஸ் அம்புக்குறியைப் படத்தின் மேல் வைத்தால்தான் பிரவுசர் காட்டும். ஃபோனில் அம்புக்குறி ஏது? வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வரும் படங்களிலும் அந்த வரி வராது.

சரியாக வருகிறதா என்று பார்க்க 327-ஆம் எண் கார்ட்டூனைத் திறந்து பாருங்கள். மகனுக்கு அம்மா வைத்த பெயரைக் கணினி கட்டளையாக எடுத்துக்கொள்வதால் பள்ளியின் மாணவர் பதிவுகளே அழிந்துபோகும் கதை. அந்த அம்மாவுடைய மகளின் பெயர் ஒளிந்த வரியில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டால் பாதிச் சிரிப்பு போச்சு!

ஒன்று மட்டும்: 1110-ஆம் எண் கார்ட்டூனை (2012) கணினியிலேயே பாருங்கள். மௌஸால் இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டிய மிகப் பெரிய படம் அது.