ஒரே உயரத்தைத் தாண்டிய இருவரில் தங்கம் யாருக்கு?

கேள்வி: 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில், மகளிர் உயரம் தாண்டுதலில் ஆஸ்திரேலியாவின் எலினோர் பேட்டர்சன், உக்ரைனின் யாரோஸ்லாவா மஹூச்சிக் ஆகிய இருவருமே 2.02 மீட்டர் தாண்டினார்கள். அப்படியிருக்க, பேட்டர்சனுக்குத் தங்கமும் மஹூச்சிக்குக்கு வெள்ளியும் கொடுத்தது எப்படி? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் இருவர் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்களே?

பதில்: உயரம் ஒன்றுதான், ஆனால் அதைத் தாண்ட எடுத்துக்கொண்ட முயற்சிகள் ஒன்றல்ல. ஒவ்வோர் உயரத்திலும் ஒருவருக்கு மூன்று முயற்சிகள் உண்டு. தாண்டினால் வட்டம், கம்பி விழுந்தால் பெருக்கல் குறி, அந்த முயற்சியை வேண்டாமென்று விட்டால் சிறு கோடு என நடுவரின் தாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்தக் கடைசி உயரத்தைக் குறைந்த முயற்சியில் தாண்டியவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். யூஜினில் 2.02 மீட்டரைப் பேட்டர்சன் முதல் முயற்சியிலும் மஹூச்சிக் இரண்டாம் முயற்சியிலும் தாண்டினார்கள். அந்த ஒரே ஒரு பெருக்கல் குறிதான் தங்கத்தை வெள்ளியாக்கியது. வெண்கலமும் அப்படியே முடிவானது: இத்தாலியின் எலெனா வல்லோர்திகாராவும் உக்ரைனின் இரினா ஹெராஷ்செங்கோவும் 2.00 மீட்டர் தாண்டியும், ஹெராஷ்செங்கோ நான்காம் இடத்தோடு திரும்ப நேர்ந்தது.

கடைசி உயரத்திலும் சமமாக இருந்தால், தொடக்கம் முதல் அந்த உயரம் வரையில் தவறிய முயற்சிகள் அனைத்தையும் கூட்டி, குறைவாகத் தவறியவரை முன்னே வைப்பார்கள். தாண்ட முடியாமல் போன அடுத்த உயரத்தில் விழுந்த கம்பிகள் இந்தக் கணக்கில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டோக்கியோவில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒருமுறைகூடத் தவறாததால், இந்த இரண்டாவது கணக்கிலும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. முதலிடத்தில் அத்தகைய சமநிலை வந்தால் மட்டுமே மறுபடி தாண்டிப் பார்ப்பதா, பகிர்ந்துகொள்வதா என்று வீரர்கள் முடிவு செய்யலாம். யூஜினில் அந்தக் கட்டத்துக்கே இடமில்லை.

இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நான்கு மீட்டர் நீளக் கம்பி எதனாலும் பிணைக்கப்படாமல் இரு தாங்கிகளின் மேல் சும்மா கிடக்கிறது. குதிகால் உரசினால் போதும், விழுந்துவிடும். அதை முதல் முயற்சியிலேயே அசைக்காமல் கடப்பவரின் திறமைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? ஆனாலும், நாடு போரில் இருந்த அந்த ஆண்டில், கண்ணிமைகளில் நீலமும் மஞ்சளும் தீட்டிக்கொண்டு வந்து தாண்டிய மஹூச்சிக்குக்காக மனம் வருந்தாமலும் இருக்க முடியவில்லை. 2019-இல் தோஹாவில், 18 வயதில், இதே கணக்கினால்தான் அவர் 2.04 மீட்டர் தாண்டியும் ரஷ்ய வீராங்கனை மரியா லசித்ஸ்கெனேயிடம் தங்கத்தை இழந்திருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே விதி அவர் பக்கம் நின்றது. ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸ் 2.00 மீட்டரை மூன்றாம் முயற்சியில் தாண்ட, முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்த மஹூச்சிக் தங்கம் பெற்றார்.

கேள்வி: அந்தப் பாரிஸ் போட்டியின் நடுவே மஹூச்சிக் உறக்கப் பைக்குள் படுத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதற்கு அனுமதி உண்டா?

பதில்: உண்டு. மூவருக்கு மேற்பட்டோர் களத்தில் இருக்கும்போது, அழைப்பு வந்தபின் தாண்டத் தொடங்க ஒரு நிமிடம்தான் அவகாசம். ஆனால் அந்த அழைப்பு வருவதற்குள் மற்றவர்கள் அனைவரும் தாண்டி முடிக்க வேண்டும். அந்த நீண்ட காத்திருப்பில் உடல் சூடு குறையாமலும் கால்கள் களைக்காமலும் பார்த்துக்கொள்வது தாண்டுவதற்கு நிகரான வேலை. ஒலிஸ்லாகர்ஸின் வழக்கம் வேறு: ஒவ்வொரு முறை தாண்டிவிட்டு வந்ததும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, தாம் தாண்டிய விதத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்வார்.