அம்மாவுக்குப் புற்றுநோய். தைரியம் சொன்னாலே எரிந்து விழுகிறார். என்ன செய்வது?

கேட்ட தம்பியின் நிலைமை இது: அம்மாவுக்கு 54 வயது, தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய். கோலாலம்பூரில் அரசு மருத்துவமனை ஒன்றில் கீமோ நடக்கிறது. கலகலவென்று இருந்தவர் இப்போது அறையை விட்டே வருவதில்லை. "தைரியமா இருங்கம்மா" என்றால் கோபம் வருகிறது.

தம்பி, முதலில் அந்த வசனத்தை நிறுத்துங்கள். எனக்கும் இதே நோய்தான். செந்தூலில் இருந்து இதே மாதிரி கீமோவுக்கு அலைந்தவள் நான். தைரியமாக இரு என்று சொல்கிறவரிடம் அதற்கு மேல் என்ன பேச முடியும்? பயமாக இருக்கிறது என்றால், "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அழுவதால் கட்டி வளராது. அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், போதும்.

அப்புறம், அந்தக் கோபத்தில் பாதி மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். வாந்தியை அடக்கவும் ஒவ்வாமை வராமல் தடுக்கவும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டை பல கீமோக்களோடு சேர்த்துத் தருவார்கள். அது உடம்பில் இருக்கும்வரை சிலருக்குத் தூக்கம் வராது, படபடப்பு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல். நிறுத்தியதும் ஆள் ஒரேயடியாகத் துவண்டும் போகலாம். வீட்டு நாட்காட்டியில் எந்த நாள் எப்படி இருந்தார் என்று குறித்து வாருங்கள். ஓரிரண்டு கீமோ தவணையிலேயே ஒழுங்கு பிடிபட்டுவிடும். மோசமான நாட்களில் சொந்தக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் தலையில் கட்டாதீர்கள்.

வருகிறவர்கள் சும்மா வருவதும் இல்லை. ஒருவர் சபா பாம்புப் புல் என்ற மூலிகையை அரைத்துக் குடிக்கச் சொல்வார், இன்னொருவர் முள்சீத்தா இலையைக் காய்ச்சச் சொல்வார், மூன்றாமவர் கிள்ளானில் யாரோ இதே நோயில் போய்ச்சேர்ந்த கதையை ஆரம்பித்துவிடுவார். எதைக் குடிப்பதானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், கீமோ மருந்தோடு எது மோதும் என்று நமக்குத் தெரியாது. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதையும் அம்மாவே முடிவு செய்யட்டும். பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கிற வீடுகளில் மூடி மறைப்பார்கள். மறைத்தால் கோயிலுக்கும் போக முடியாது, கல்யாணத்துக்கும் போக முடியாது, வீடே சிறையாகிவிடும். என் கதை வேறு மாதிரி. முடி கொட்டியதும், "பத்துமலையில் மொட்டை போட்டீங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே போகும்போது தலையில் துணி கட்டிக்கொள்வேன். எல்ஆர்டி ரயிலில் ஒரு மலாய்க்கார மக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) எனக்கு சலாம் சொல்லி, அப்புறம் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அப்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

என்னை உண்மையில் நொடித்தது வேறு. வீட்டில் எனக்கு வேலையே இல்லாமல் போனது. அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள், கரண்ட் பில்லைக் கண்ணில் காட்டமாட்டார்கள், நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா". ஒரு நாள் சின்னவள் கைப்பேசியில் சமையல் குறிப்பைத் தட்டிக்கொண்டு ரசம் வைத்தாள். கட்டிலில் இருந்தபடியே, "புளியை முதல்ல கரைடி" என்று கத்தினேன். அவளும் விடவில்லை, "நீங்க சொன்ன அளவுதான்மா போட்டேன்" என்று சண்டைக்கு வந்தாள். அன்றைக்குத்தான் சோறு உள்ளே இறங்கியது. உங்கள் அம்மாவிடமும் கணக்கு கேளுங்கள், யோசனை கேளுங்கள், தப்பென்றால் மறுத்துப் பேசுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார், நீங்கள் தமிழில் அம்மாவுக்குச் சொல்வீர்கள். டாக்டர் பத்து நிமிடம் பேசியதை "எல்லாம் நல்லா இருக்காம்மா" என்று சுருக்குகிற பிள்ளைகளைக் காத்திருக்கும் இடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா டாக்டரின் முகத்தையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? பிள்ளை எதையோ ஒளிக்கிறான் என்று தெரிந்ததும், தன் பயத்தை அவரும் உங்களிடமிருந்து ஒளிப்பார். முழுவதையும் சொல்லுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோகம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. பசியின்மை, அசதி, தூக்கமின்மை எல்லாம் கீமோவாலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, "நான் உங்களுக்குச் சுமை" என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். மன உளைச்சலை அளக்க 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது, நாலோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அம்மாவிடம் இந்த வாரம் எத்தனை என்று கேட்டு, அந்த எண்ணைத் தாதியிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பைத்தியம் என்று அர்த்தமில்லை, இதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். பின்னால் தமோக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை தொடங்கினால் அதையும் அந்த டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும், மாற்று மருந்துகள் இருக்கின்றன. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி உதவிச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது: 03-7627 2929.

இந்த நோயிலிருந்து மீண்ட பெண்களோடு அம்மாவைப் பேசவைக்கப் பாருங்கள். 1986-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தில் அப்படிப்பட்ட தொண்டூழியர்கள் இருக்கிறார்கள். 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

பணக்கவலையைக் கேட்டீர்களா? வெளியே சொல்லமாட்டார். அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான், ஆனால் கிராப் வாடகைக் கார் காசும் போன சம்பளமும் அரித்துக்கொண்டே இருக்கும். அம்மா தொழிற்சாலையில் இருந்தவர், 60 வயதும் ஆகவில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு அவருடைய சந்தா போதுமா என்று கேளுங்கள். இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கும் வழியும் உண்டு. அடுத்த தவணைக்குப் போகும்போது மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் விசாரியுங்கள். விண்ணப்ப பாரத்தை நீங்களாக வீட்டில் நிரப்பிக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டாமல், அவரையும் உட்காரவைத்தே எழுதுங்கள்.