பத்து டாலர், ஐந்து டாலர்

அன்புள்ள ஐயா,

லிங்கன் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடந்தது என்று அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அட்லாண்டாவில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் என் மைத்துனரிடம் அதைப் போனில் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "அது ஜெயித்தவன் எழுதின சரித்திரம் மாப்பிள்ளை. சண்டை மாநில உரிமைக்கும் வரிக்கும்தான்" என்றார். தெற்கில் பெரும்பாலான வெள்ளைக்காரர்களிடம் அடிமையே கிடையாது, ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் மாநிலங்களின் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொங்கலுக்கு அவர் ஊருக்கு வருகிறார். அதற்குள் கொஞ்சம் விளக்க முடியுமா?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

உங்கள் மைத்துனர் சொன்ன தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றைக் கூட்டிப் போட்ட கணக்குதான் தப்பு. என் ஒற்றை வரியிலும் குறை இருக்கிறது. அதை வாசிக்கிறவர்களுக்கு, அடிமைகளை விடுவிக்க வடக்கு படை திரட்டிக்கொண்டு கிளம்பியது என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. 1861 மார்ச்சில் பதவியேற்ற அன்றே லிங்கன், அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் அதில் கைவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே உரையில், ஒரு பக்கம் அடிமை முறை சரி, அது பரவ வேண்டும் என்கிறது, இன்னொரு பக்கம் அது தவறு, பரவக் கூடாது என்கிறது, நமக்குள் உருப்படியான தகராறு இது ஒன்றுதான் என்றும் சொன்னார்.

'பரவ' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் இன்னொருவனுடைய சொத்து என்றால், அந்தச் சொத்துரிமை எந்த எல்லை வரைக்கும் செல்லும்? சண்டை அங்கேதான் மூண்டது.

1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே வராது. 'சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்' என்று சுற்றி வளைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் சாமர்த்தியமாகப் பேசுவார்களே, அதே மாதிரி. பெயர்தான் இல்லை, ஏற்பாடெல்லாம் இருந்தது. ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தெற்குக்குக் கூடுதல் பிரதிநிதிகள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தப்பி ஓடியவனைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி. எழுதியவர்களில் பலர் இந்த வழக்கம் தானாகவே தேய்ந்து மறைந்துவிடும் என்று நம்பினார்கள்.

பருத்தி அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. தெற்கின் உள்நாட்டில் விளையும் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாமல் கவ்விக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவது கஷ்டம். 1793இல் எலி விட்னி செய்த அரைவை இயந்திரம் அந்த வேலையைச் சுலபமாக்கியது. கோவில்பட்டிப் பக்கம் ஜின்னிங் என்று சொல்வது இதைத்தான். பிரிப்பது எளிதானதும் விதைப்பதற்கும் எடுப்பதற்கும் ஆள் போதவில்லை. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். சந்தை விலையில் அவர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. இப்படி ஒரு சொத்து தானாகத் தேயுமா?

நாடு மேற்கே விரிய விரிய, புதிதாகச் சேரும் மண்ணில் அடிமை உண்டா இல்லையா என்ற தகராறு ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. 1820இல் 36 பாகை 30 கலை அட்சரேகையில் கோடு கிழித்தார்கள். மிசௌரி மாநிலம் மட்டும் விலக்கு, மற்றபடி கோட்டுக்கு வடக்கே கூடாது, தெற்கே பரவாயில்லை. முப்பது வருஷம் அது ஓடியது. மெக்சிகோவோடு போரிட்டுப் பெரும் நிலப்பரப்பைப் பிடித்ததும் கோடு போதவில்லை. 1850இல் இன்னொரு சமரசம். கலிஃபோர்னியா அடிமை இல்லாத மாநிலமாகச் சேரும். பதிலுக்குத் தெற்குக்கு ஒன்று வேண்டுமே, அதுதான் ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் புதிய சட்டம்.

நான் மைத்துனர் இடத்தில் இருந்தால் வேறு எதையும் படிக்காமல் இந்தச் சட்டத்தை மட்டும் படிப்பேன். பிடிபட்ட ஆளுக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் அவன் வாயைத் திறந்து சாட்சி சொல்லக் கூடாது. தெருவில் போகிற எவரையும் பிடிப்பதற்கு ஒத்தாசைக்குக் கூப்பிடலாம், மறுக்க முடியாது. ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தீர்ப்புச் சொல்ல மத்திய அரசின் கமிஷனர் ஒருவர் உண்டு. ஆள் எசமானுக்குத்தான் சொந்தம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் கூலி 10 டாலர். இல்லை, விட்டுவிடு என்றால் 5 டாலர். திருப்பி அனுப்புவதென்றால் எழுத்து வேலை அதிகம், அதனால் கூலியும் அதிகம் என்று விளக்கம் கொடுத்தார்கள். குமாஸ்தா வேலைக்குக் கணக்குச் சொல்வது போல எத்தனை சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்.

1854 மே மாதம் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இருபது வயது இளைஞன் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி வந்தவன். ஊரில் இன்னும் அடிமையாக இருந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினான். நேரே அனுப்பினால் ஆபத்து என்று கனடா வழியாக அனுப்புகிற அளவுக்குக் கவனம். உள்ளே, கடிதத்தின் தலைப்பில், எல்லாரும் போடுவது போல 'பாஸ்டன்' என்று போட்டுவிட்டான். அடிமைக்கு வரும் கடிதத்தை எசமான்தான் முதலில் பிரிப்பார்.

கடையைப் பூட்டிவிட்டு வந்தவனைத் திருட்டுக் குற்றம் என்று பொய் சொல்லிப் பிடித்தார்கள். நகரம் கொதித்தது. நீதிமன்றக் கதவை உடைத்து அவனை மீட்க ஒரு கூட்டம் முயன்றது, அந்தத் தள்ளுமுள்ளில் காவலர் ஒருவர் செத்துப்போனார். ஜூன் 2ஆம் தேதி கமிஷனர் எசமானுக்குச் சாதகமாகச் சொன்னார். ஒரு இளைஞனைத் துறைமுகம் வரை நடத்திக்கொண்டு போக இருபக்கமும் துப்பாக்கிச் சிப்பாய்கள், கூடவே ஒரு பீரங்கி. வழியெங்கும் கட்டடங்களில் கறுப்புத் துணி. தெருவுக்கு மேலே ஒரு சவப்பெட்டியைத் தொங்கவிட்டு அதில் 'சுதந்திரம்' என்று எழுதியிருந்தார்கள். பல்லாயிரம் பேர் நின்று 'வெட்கம், வெட்கம்' என்று கத்தினார்கள். கூட்டத்தில் பலருக்கு அதுவரை அடிமை ஒழிப்பாளர்களைக் கண்டாலே ஆகாது. பாஸ்டனின் பெரிய துணி வணிகர் ஏமஸ் லாரன்ஸ், ராத்திரி சமரசக்காரர்களாகப் படுத்தோம், காலையில் வெறிபிடித்த ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்று எழுதினார். அவர் குடும்பத்துப் பணமே தெற்குப் பருத்தியில் நெய்த துணியில் வந்த பணம்.

அடுத்த வருஷம் பாஸ்டன்காரர்கள் 1,300 டாலர் கொடுத்து பர்ன்ஸை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். அவர் படித்து, கனடாவில் பாதிரியாராக இருந்து, 1862இல் இறந்தார்.

மாநில உரிமை என்கிறாரே மைத்துனர், பர்ன்ஸ் பிடிபட்ட அதே 1854இல் விஸ்கான்சினில் நடந்ததைச் சொல்லுங்கள். மில்வாக்கி சிறையிலிருந்து ஜோஷுவா குளோவர் என்ற தப்பிய அடிமையை ஊர்மக்கள் கதவை உடைத்து மீட்டார்கள். கூட்டத்தைத் தூண்டியதாகக் கைதான பத்திரிகை ஆசிரியரை விடுவித்த மாநில உச்ச நீதிமன்றம், 1850ஆம் வருஷச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது. எங்கள் மாநிலத்துக்குள் வந்து ஆளைப் பிடிக்க உங்களுக்கு உரிமையில்லை என்ற வாதம் அது. அச்சு அசல் மாநில உரிமை! தெற்கு அதைக் கொண்டாடியிருக்க வேண்டுமே? 1859இல் மத்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை அடித்தபோது கைதட்டியது தெற்குதான். மத்திய அரசின் கை நீள வேண்டும் என்று அந்தப் பத்து வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தது அடிமை மாநிலங்கள்.

அப்புறம் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த சட்டம் 1820இல் கிழித்த கோட்டை அழித்து, புதிய நிலப்பகுதியான கான்சாஸின் மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் துப்பாக்கியோடு ஆட்கள் குடியேறினார்கள், கொலைகள் விழுந்தன. செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தெற்கத்தி உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் ரத்தம் வர அடித்தார். 1857இல், விடுதலை கேட்டு நீதிமன்றம் போன அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது, மத்திய அரசின் புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார். 1859இல் அடிமை ஒழிப்பாளர் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கில் தொங்கினார். 1860இல் லிங்கன் 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைந்த வாக்கில் ஜெயித்தார். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் கட்சிக்கு வாக்குச்சீட்டே இல்லை. எங்கள் ஓட்டு ஒன்றுகூட வேண்டாமலே ஒருவன் ஜனாதிபதியாக முடியும் என்று தெற்கு பதறியதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் எதற்காகப் பதறினார்கள்?

அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1860 டிசம்பர் 20 அன்று ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த தென் கரோலினா வெளியிட்ட காரண அறிக்கை, ஓடிப்போனவர்களை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்று வரிசையாகப் பெயர் சொல்லிப் புகார் செய்கிறது. நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகக்கூட விடமாட்டேன் என்கிறார்களாம், அதுவும் ஒரு குறை. மிசிசிப்பி ஆரம்பத்திலேயே, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகத்தின் மிகப் பெரிய பொருளாதார நலன் அது என்று சொல்லிவிடுகிறது. பிரிந்தவர்கள் சேர்ந்து எழுதிக்கொண்ட அரசியல் சட்டம் இன்னும் சுவாரசியம். அதன்படி எவரும் தன் அடிமைகளோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போய்வரலாம், தடுக்க முடியாது. மாநில உரிமைக்காகப் பிரிந்தவர்கள் முதல் வேலையாக அந்த உரிமையைத் தங்கள் மாநிலங்களிடமிருந்தே எடுத்துவிட்டார்கள்.

வரி? 1830களின் தொடக்கத்தில் அது பெரிய தகராறுதான். ஆனால் 1857இல் இறக்குமதி வரி நன்றாகக் குறைந்திருந்தது. அதை உயர்த்திய சட்டம் 1861இல் நிறைவேறியதற்குக் காரணமே, எதிர்த்து வாக்களிக்க வேண்டிய தெற்கத்தி செனட்டர்கள் பிரிந்து போய்விட்டதுதான்.

அடிமை வைத்திராத ஏழை வெள்ளைக்காரன் ஏன் போனான் என்பது நல்ல கேள்வி. பிரிந்த மாநிலங்களில் அடிமை வைத்திருந்த குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவுதான். மற்றவன் தன் ஊருக்குப் படை வருகிறது என்று போனான், கட்டாயத்தில் போனான். எத்தனை ஏழையானாலும் நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பும் அவனுக்கு ஒரு சொத்துதான். இதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடக்கையும் புனிதமாக்கிவிடாதீர்கள். லிங்கனின் இல்லினாய், கறுப்பர்கள் குடியேறவே கூடாது என்று 1853இல் சட்டம் போட்ட மாநிலம். புதிய நிலத்தில் அடிமை வேண்டாம் என்ற பலர், அந்த நிலம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்கள். லிங்கனின் அந்தக் கடிதம் 1862 ஆகஸ்டில் ஹோரஸ் கிரீலி என்ற பத்திரிகையாசிரியருக்கு எழுதியது. மைத்துனர் சொன்ன வரி அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவைக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று அதை மேசைக்குள் வைத்துக்கொண்டு எழுதிய கடிதம் அது. அரசியல்வாதியின் கடிதத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

(போர் நாலு வருஷம் நடந்தபோது தெற்குத் துறைமுகங்கள் அடைபட்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கும் நல்ல கிராக்கி. இதைத் தனியாக எழுத ஆசை.)

மைத்துனரிடம் கடைசியாக இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1861 மே 23, வர்ஜீனியா மக்கள் வாக்களித்துப் பிரிவை உறுதிசெய்த நாள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, வடக்கின் ஒன்றியப் படையிடம் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். 1619இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே முனையில்தான் அந்தக் கோட்டை. எதிர்ப்படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் எசமான் அவர்களை விட்டிருந்தார்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர், தொழிலில் வக்கீல். ஒழிப்பாளர் கிடையாது, முந்தின வருஷம் தன் கட்சி மாநாட்டில் பின்னால் தெற்கின் ஜனாதிபதியான ஜெஃபர்சன் டேவிஸையே அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டவர். மறுநாள் வெள்ளைக்கொடியோடு தெற்குப் படையின் மேஜர் ஒருவர் வந்து, 1850ஆம் வருஷச் சட்டப்படி ஆட்களைத் திருப்பித் தாருங்கள் என்றார். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் அந்நிய நாட்டுக்குச் செல்லாது என்றார் பட்லர். அப்புறம் ஒரு வக்கீல் பாயிண்ட்: இவர்கள் சொத்து என்று நீங்களே சொல்கிறீர்கள், போருக்குப் பயன்படுத்திய சொத்து, ஆகவே பறிமுதல் செய்கிறேன்.

மேஜர் வெறுங்கையோடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். திங்கட்கிழமை கூட்டமாக வந்தார்கள், கைக்குழந்தையோடு.