இஷிகுரோவின் பட்லர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலை இப்போதுதான் முடித்தேன். பட்லர் என்றால் சமையற்காரர் என்றே நினைத்திருந்தேன். ஸ்டீவன்ஸ் ஓரிடத்தில்கூடச் சமைக்கவில்லையே?

பதில்: 'பட்லர் இங்கிலீஷ்' என்ற கேலிப்பெயரை நமக்கு விட்டுச்சென்ற மதராஸ் துரை வீட்டுப் பட்லரைச் சற்று மறந்துவிடுங்கள். இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகையில் பட்லர் என்பவர் ஆண் பணியாட்களின் தலைவர். ஒயின், வெள்ளிப் பாத்திரங்கள், விருந்து மேசை ஆகியவை அவர் பொறுப்பு. பணிப்பெண்களை மேற்பார்ப்பவர் ஹவுஸ்கீப்பர். இந்நாவலில் அவர் மிஸ் கென்டன்.

கேள்வி: ஐயா, பெற்ற தந்தை மாடியில் இறந்துகொண்டிருக்கையில் கீழே மது பரிமாறுபவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பதில்: நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் நினைத்தேன். எசமான் டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் நடந்த 1923ஆம் ஆண்டு மாநாட்டின் இரவு அது. ஸ்டீவன்ஸ் விருந்தினர்களுக்குப் போர்ட் ஒயின் ஊற்றிக்கொண்டு வருகிறார். பிரபு அவரை நிறுத்தி, நீ அழுவதுபோல் இருக்கிறதே என்கிறார். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுதும் வேலை கடுமை என்று மட்டும் சொல்கிறார். கதையைச் சொல்பவர் அவர்தான். ஆனால் தாம் அழுததாக அவர் எங்குமே சொல்வதில்லை, அது பிரபுவின் வாய்வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. இந்த நாவலை ஸ்டீவன்ஸின் சொல்லைக் கொண்டு படிப்பதைவிட, மற்றவர்கள் அவரிடம் பேசுவதைக் கொண்டு படிப்பதே சரியான வழி. தந்தையின் கண்களை மூடுபவர் மிஸ் கென்டன். தந்தைக்காக வந்த மருத்துவரையோ, பாதம் புண்ணாகி முனகும் பிரெஞ்சு விருந்தினரிடம் அனுப்பிவைக்கிறார் மகன். அந்த இரவைப் பிற்பாடு அவர் பெருமிதத்தோடு நினைத்துக்கொள்வதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தத் தந்தை ஓயாமல் சொன்ன கதையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: இந்தியாவில் ஒரு பட்லர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புலியைக் கண்டு, விருந்தினர் அறியாமல் எசமானிடம் அனுமதி பெற்றுச் சுட்டுவிட்டு, உணவு வழக்கமான நேரத்துக்கே தயாராகும் என்று தெரிவித்தாராம். கண்ணியம் என்றால் இதுதான் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ஸ்டீவன்ஸ்.

கேள்வி: செஞ்சோற்றுக் கடன் தீர்த்த கும்பகர்ணனோடு இவரை ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம், ஆனால் ஒப்பீடு பாதி வழியிலேயே நின்றுவிடும். கம்பனின் கும்பகர்ணன், செய்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போர்க்களம் போகிறான். நாஜிகளின் பால் சாய்ந்த டார்லிங்டன் பிரபு, யூதர்கள் என்பதற்காக ரூத், சாரா என்னும் இரு பணிப்பெண்களை நீக்கச் சொன்னபோது, ஸ்டீவன்ஸ் மறுபேச்சின்றி நிறைவேற்றுகிறார். எதிர்த்தவர் மிஸ் கென்டன். அவரும் போக்கிடம் இல்லாததால் வேலையை விடவில்லை, அதைக் கோழைத்தனம் என்று தாமே ஒப்புக்கொள்கிறார். காலம் கடந்து, தமக்கும் அது வருத்தமாகவே இருந்தது என்று ஸ்டீவன்ஸ் சொல்லும்போது, அதை அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று மிஸ் கென்டன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: 1993இல் வந்த படத்தை முதலில் பார்க்கலாமா?

பதில்: நாவலுக்குப் பிறகு பாருங்கள். ஆண்டனி ஹாப்கின்ஸ் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ளும் வாக்கியங்களைக் கேமரா காட்ட முடியாது.

கேள்வி: இவ்வளவு துயரத்துக்குப் பிறகு, கேலி பேசப் பழகப்போகிறேன் என்று ஸ்டீவன்ஸ் முடிப்பது பொருந்தவில்லையே?

பதில்: அதற்குச் சற்று முன்னே நடந்ததைச் சேர்த்துப் படியுங்கள். மணமாகிப் போன மிஸ் கென்டனைப் பல்லாண்டுகள் கழித்துச் சந்திக்கிறார். உங்களோடு வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையைச் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு என்கிறார் அந்த அம்மையார். தம் நெஞ்சு உடைந்தது என்று அங்கே ஒரே ஒருமுறை நம்மிடம் சொல்லிவிட்டு, அவரிடம் புன்னகையோடு விடைபெறுகிறார். பிறகு வேமத் என்னும் ஊரின் கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குட்டை நீட்டுகிறார். அங்கேயும் கண்ணீரை நமக்குச் சொல்வது அந்தக் கைக்குட்டைதான். பிரபுவாவது தம் தவறுகளைத் தாமே செய்தார், எனக்கு அதுகூட இல்லை என்று அந்த அந்நியரிடம் மனம் திறக்கிறார். கேலி பேசும் எண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விளக்கு ஏற்றிய கடற்பாலத்தில் அறிமுகமில்லாதவர்கள் ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பதைப் பார்த்து, இதில்தான் மனிதர்கள் நெருங்குகிறார்கள் போலும் என்று வியக்கிறார். அடுத்த கணமே, ஊர் திரும்பியதும் புதிய அமெரிக்க எசமானை மகிழ்விக்க அதை முயன்று பயில வேண்டும் என்று திட்டமிடத் தொடங்குகிறார்.