பேனாவால் சேர்த்த வரி செல்லுமா?

வாகனக் காப்பீட்டுக்கான அச்சடித்த விண்ணப்பப் படிவத்தில் முகவர் பேனாவால் உங்கள் மகனையும் ஓட்டுநராகச் சேர்த்து எழுதினார், ஆனால் வந்த பாலிசியில் அவர் பெயர் இல்லை, அப்படித்தானே? கையால் எழுதியது என்பதற்காக மட்டும் எதுவும் செல்லாமல் போகாது. ஒப்பந்தங்களில் அச்சு வாசகமும் கையால் எழுதியதும் முரண்பட்டால், பொதுவாகக் கையால் எழுதிய வரிக்குத்தான் அதிக மதிப்பு, ஏனென்றால் அது உங்கள் விஷயத்துக்காகவே எழுதப்பட்டது.

சிக்கல் வேறு இடத்தில். அந்த வரி நீங்கள் கையொப்பம் போடுவதற்கு முன் எழுதப்பட்டதா, பின்னாலா? பின்னால் என்றால், இரு தரப்பும் அதன் பக்கத்தில் சுருக்கொப்பமும் (இனிஷியல்) தேதியும் போடாதவரை, அடுத்தவர் ஒப்புக்கொண்டார் என்று நிரூபிப்பது கஷ்டம். அதோடு நீங்கள் நிரப்பியது விண்ணப்பம்தான், பாலிசி அல்ல. நிறுவனம் ஏற்றுக்கொண்டது எது என்பதற்குப் பாலிசியும், அதில் செய்த மாற்றத்தை நிறுவனமே எழுதித் தரும் திருத்தச் சான்றும்தான் (endorsement) பேசும்.

முகவர் வாயால் சொல்லும் "பார்த்துக்கலாம் சார்" எதற்கும் உதவாது. இன்றைக்கே படிவத்தின் நகலை இணைத்து, பெயரைச் சேர்த்துத் திருத்தச் சான்று தரும்படி நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அது கைக்கு வரும்வரை மகனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அப்புறம், உங்களிடம் இருக்கும் பிரதியில் நீங்களாக எதையும் எழுதிச் சேர்க்க வேண்டாம், அது மோசடி மாதிரி தெரியும்.