பேக்கேஜ் போட்டால் நிற்கிறதா? மேவன் கேள்வி-பதில்

ஜாவா புரோகிராமைக் கட்டித் தரும் மேவன் கருவி பற்றி இந்த முறை வந்த கேள்விகளில், பல மாட்யூல்கள் (தனித்தனிப் பகுதிகள்) கொண்ட ஜாவா புராஜெக்ட் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம் (‘எம்விஎன்’ என்பது மேவனை ஓட்டும் கட்டளை). ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

கே: ரப்பர் ஷீட் கொள்முதலுக்கு ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா அப்ளிகேஷன் எழுதும் கட்டமைப்பு) ஒரு புராஜெக்ட். ‘பொது’, ‘கொள்முதல்’, ‘வெப்’ என்று மூன்று மாட்யூல். ‘எம்விஎன் கம்பைல்’ சுத்தமாக ஓடுகிறது. ‘எம்விஎன் பேக்கேஜ்’ கொடுத்தால் வெப் மாட்யூலில் ‘பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வரிசையாகப் பிழை. கோடு ஒன்றுதானே? – வாசகர், குலசேகரம்

ப: கோடில் கோளாறு இல்லை. (பிழையில் வரும் ‘பேக்கேஜ்’ கிளாஸ்களின் தொகுப்பு; கட்டளையில் வரும் ‘பேக்கேஜ்’ ஜாராகக் கட்டும் படி.) வெப் மாட்யூல் தேடிப் பார்க்கிற இடம் மாறிவிடுகிறது. கம்பைலோடு நிறுத்தினால், கொள்முதல் மாட்யூலின் டார்கெட்டுக்குள் (கட்டியது சேரும் ஃபோல்டர்) இருக்கும் கிளாசஸ் ஃபோல்டரையே மேவன் எடுத்துக் கொடுக்கும். பேக்கேஜ் வரை போனால், கிளாஸ்களைச் சேர்த்துக் கட்டிய ஜார் கோப்பைக் கொடுக்கும். அந்த ஜாரை ஸ்பிரிங் பூட் பிளகின் (மேவனோடு சேரும் துணைக் கருவி) தனியாக ஓடும் ஜாராக ‘ரீபேக்கேஜ்’ செய்யும்போது உங்கள் கிளாஸ்கள் எல்லாம் ‘பூட்-ஐஎன்எஃப்/கிளாசஸ்’ என்ற உள் ஃபோல்டருக்குப் போய்விடுகின்றன. ஜாவா கம்பைலர் அங்கே போய்த் தேடாது.

சந்தேகம் இருந்தால் ‘ஜார் டிஎஃப்’ என்று தட்டி, அந்த ஜாரின் பெயரைக் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். பக்கத்திலேயே ‘.ஜார்.ஒரிஜினல்’ என்று முடியும் சிறிய கோப்பு ஒன்றும் கிடக்கும். பிளகின் கைவைக்கும் முன்பு இருந்த சாதா ஜார் அது.

கொள்முதல் மாட்யூல் முதலில் தனி அப்ளிகேஷனாக இருந்து பிறகு இங்கே வந்திருக்க வேண்டும். பிளகின் அதன் பாம் கோப்பிலேயே (மாட்யூலின் அமைப்பை எழுதும் கோப்பு) தங்கிவிட்டது. (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான பேரன்ட் பாமில் இருந்திருந்தால், ஓட்டத்தைத் தொடங்கும் மெயின் கிளாஸ் இல்லாத ‘பொது’விலேயே ‘அனேபிள் டு ஃபைண்ட் மெயின் கிளாஸ்’ என்று நின்றிருக்கும்.) அதை அங்கிருந்து எடுத்துவிட்டு வெப் மாட்யூலின் பாமில் மட்டும் வையுங்கள். கொள்முதல் தனியாகவும் ஓட வேண்டுமென்றால், பிளகின் கான்ஃபிகரேஷனில் கிளாசிஃபையர் என்ற இடத்தில் ‘எக்ஸெக்’ என்று கொடுங்கள். சாதா ஜார் ஒன்று, ஓடும் ஜார் ஒன்று என இரண்டு கிடைக்கும்.

ஆனாலும் மெயின் கிளாஸைத் தனி மாட்யூலாகப் பிரித்துவிடுங்கள் என்றே சொல்வோம். லைப்ரரியாகவும் அப்ளிகேஷனாகவும் ஒரே மாட்யூல் இருந்தால் அதன் ‘அப்ளிகேஷன்.பிராப்பர்டீஸ்’ கோப்பும் கூடவே வரும். வெப் மாட்யூலிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும். எந்த டேட்டாபேஸ் முகவரி எடுபடுகிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கே: ‘பொது’ மாட்யூலில் ஜிஎஸ்டி கணக்கைத் திருத்தினேன். ‘வெப்’ ஃபோல்டருக்குள் போய் கிளீன் பேக்கேஜ் போட்டாலும் பழைய கணக்கே வருகிறது. – வாசகி, மார்த்தாண்டம்

ப: மேவன் 3-இல் சப்ஃபோல்டருக்குள் நின்று ஓட்டினால் அந்த ஒரு மாட்யூல்தான் அதற்குத் தெரியும். ‘பொது’வை உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள ‘.எம்2’ ரெபாசிட்டரியிலிருந்து (மேவன் ஜார்களைச் சேர்த்து வைக்கும் இடம்) எடுக்கும். அங்கே இருப்பது கடைசியாக ‘எம்விஎன் இன்ஸ்டால்’ போட்டு வைத்த ஜார். கிளீன் துடைப்பது வெப்பின் டார்கெட்டை மட்டுமே.

மேல் ஃபோல்டருக்கு வந்து ‘எம்விஎன் -பிஎல் வெப் -ஏஎம் கிளீன் பேக்கேஜ்’ கொடுங்கள். வெப்புக்குத் தேவையான மாட்யூல்களையும் சேர்த்துக் கட்டும். பாதியில் நின்றதிலிருந்து தொடர ‘-ஆர்எஃப் :வெப்’ உண்டு. ஆனால் முந்தைய மாட்யூல்களைப் பேக்கேஜ் மட்டும் செய்திருந்தால், மேவன் 3 அவற்றுக்கும் பழைய ‘.எம்2’ ஜாரையே தேடிப் போகும். எப்போதும் இன்ஸ்டால் போட்டுத் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரே ஸ்னாப்ஷாட் (இன்னும் வெளியிடாத பதிப்பு) எண்ணில் கோடின் இரண்டு பிராஞ்ச் வைத்திருந்தால் ஒன்றின் ஜார் மற்றொன்றுக்குள் கலந்துவிடும்.

கே: தோவாளைப் பூக்கடைக்கு பில் மென்பொருள். ஐடிஇயில் (கோடு எழுதும் மென்பொருள்) ஓட்டினால் பிச்சி, அரளி, கேந்தி எல்லாம் ஒழுங்காக வருகின்றன. ஜாராக்கி விண்டோஸ் கணினியில் ஓட்டினால் எழுத்து சிதைகிறது. பிடிஎஃப் பில்லில் தமிழ் ஃபான்ட்டே ஏறவில்லை. – வாசகர், ஆரல்வாய்மொழி

ப: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலில் எழுத்து எப்படிச் சிதைகிறது என்று கவனியுங்கள். தலையில் கோடு போட்ட ரோமன் ‘ஏ’வும், வட்டத்துக்குள் ‘ஆர்’ உள்ள பதிவுக்குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 என்கோடிங்கில் (எழுத்தை பைட்டாக்கும் முறை) உள்ள கோப்பை யாரோ விண்டோஸின் சிபி1252 என்று படித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். அது 3 தனித்தனி எழுத்தாகத் தெரிகிறது. மேல் பாமின் பிராப்பர்டீஸில் ‘புராஜெக்ட்.பில்ட்.சோர்ஸ்என்கோடிங்’ (‘என்கோடிங்’கின் முதல் எழுத்து பெரிய எழுத்து) என்பதற்கு யூடிஎஃப்-8 கொடுத்து, கிளீன் செய்து மறுபடி கட்டுங்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் படிப்பதில் தவறில்லை, எழுதும்போது தமிழ் தொலைகிறது. ஜாவா 17 வரை விண்டோஸில் இயல்பான என்கோடிங் யூடிஎஃப்-8 அல்ல. 18 முதல்தான் அப்படி ஆனது. பழைய ஜாவா என்றால் ‘-டிஃபைல்.என்கோடிங்=யூடிஎஃப்-8’ சேர்த்து ஓட்டுங்கள் (முதல் ‘டி’ பெரிய எழுத்து). கோடில் கோப்பைத் திறக்கும் இடங்களிலேயே யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுவது இன்னும் உறுதி.

ஃபான்ட் விஷயம் வேறு. பாமில் ரிசோர்சஸ் பகுதியில் ‘ஃபில்டரிங்’ (கோப்புக்குள் மாறிகளின் மதிப்பை நிரப்பும் வசதி) ட்ரூ என்று வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் மேவன் ‘.டிடிஎஃப்’ ஃபான்ட் கோப்பையும் எழுத்துக் கோப்பாக நினைத்துப் படித்து எழுதி, பைட்டுகளைக் கெடுத்துவிடும். ஜேபெக், பிஎன்ஜி போன்ற படங்களை அது தானே விட்டுவிடும், ஃபான்ட்டை விடாது. சோர்ஸில் உள்ள ஃபான்ட்டின் அளவையும், டார்கெட்டின் கிளாசஸில் உள்ளதன் அளவையும் ஒப்பிடுங்கள். டார்கெட்டில் உள்ளது பெருத்திருந்தால் இதுதான். ரிசோர்சஸ் பிளகினில் ‘நான்ஃபில்டர்ட்ஃபைல்எக்ஸ்டென்ஷன்ஸ்’ (‘நான்’ தவிர மற்ற சொற்களின் முதல் எழுத்து பெரிய எழுத்து) பட்டியலில் டிடிஎஃப் சேர்த்தால் சரியாகும்.

அளவு ஒன்றாக இருந்தால் ஃபான்ட்டைத் திறக்கும் வரியைப் பாருங்கள். ஜாருக்குள் இருப்பதை ‘நியூ ஃபைல்’ கொண்டு திறக்க முடியாது, ‘கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம்’ வேண்டும் (‘கெட்’ தவிர மற்ற சொற்களின் முதல் எழுத்து பெரிய எழுத்து). கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருந்தால், விண்டோஸ் ஃபோல்டரில் கண்டுகொள்ளாது; ஜாருக்குள் கிடைக்காது.

கே: மழையில் நெட் பாதியில் போய்விட்டது. திரும்ப வந்த பிறகும் அதே டிபென்டென்சி (புராஜெக்ட்டுக்கு வேண்டிய வெளி லைப்ரரி) கிடைக்கவில்லை என்றே சொல்கிறது. – வாசகி, பேச்சிப்பாறை

ப: தோல்வியையும் மேவன் எழுதி வைத்துக்கொள்ளும். ‘.எம்2’வுக்குள் அந்த லைப்ரரியின் ஃபோல்டரில் ‘.லாஸ்ட்அப்டேட்டட்’ என்று முடியும் கோப்பு இருக்கும். கெடு முடியும் வரை மறுபடி முயலாது. ‘-யூ’ சேர்த்து ஓட்டுங்கள் (பெரிய எழுத்து). ஜார் அரைகுறையாக இறங்கி ‘ஜிப்’ பிழை வந்தால் அந்தப் பதிப்பு எண் ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். ‘.எம்2’ முழுவதையும் அழித்தால், அந்த நெட்டில் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டிவரும்.

நெட் நன்றாக இருக்கும் நாளில் டெஸ்டோடு சேர்த்து ஒரு தடவை முழு பில்ட் ஓட்டிவிடுங்கள். பிறகு ‘-ஓ’ போட்டால் நெட் இல்லாமலே கட்டலாம். ‘டிபென்டென்சி:கோ-ஆஃப்லைன்’ மட்டும் போதாது, டெஸ்டுக்கு வேண்டிய சில ஜார்களை, டெஸ்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகின் ஓடும்போதுதான் இறக்கும்.

கே: ‘ஜாவா -ஜார்’ கொடுத்தால் ‘நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்’ என்கிறது. ஸ்பிரிங் பூட் பிளகின் போட்டிருக்கிறேன். – வாசகர், கருங்கல்

ப: எந்த மெயின் கிளாஸை ஓட்டுவது என்ற குறிப்பு ஜாரில் இல்லை, அதாவது ரீபேக்கேஜ் நடக்கவில்லை. ‘ஸ்பிரிங்-பூட்-ஸ்டார்ட்டர்-பேரன்ட்’ உங்கள் பேரன்ட்டாக இல்லாமல், சொந்த பேரன்ட் பாம் வைத்திருப்பீர்கள். அப்போது பிளகின் பெயர் மட்டும் போதாது. அதன் கீழ் எக்ஸிக்யூஷன்ஸ் எழுதி, கோல் (பிளகின் செய்ய வேண்டிய வேலை) ‘ரீபேக்கேஜ்’ என்று கொடுத்தால்தான் ஓடும்.